வட்டாரத்தில் தகுதியான பிள்ளைகள் இல்லை என்று எழுதிய கலைக்கூடத்துக்கு

கலைக்கூட நிர்வாகக் குழுவினருக்கும், இளையோர் ஓவிய வழிகாட்டித் திட்டத்தின் தேர்வுக் குழுவினருக்கும்,

இந்த ஆண்டுத் திட்டத்துக்கு நம் வட்டாரத்திலிருந்து போதுமான தகுதியுள்ள விண்ணப்பங்கள் வரவில்லை என்றும், அதனால் 12 இடங்களில் 7 இடங்களை வெளியூர் மாணவர்களுக்கு ஒதுக்குவதாகவும் போன வாரம் உங்கள் வாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறீர்கள். அந்த வாசகத்தை எங்களால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. தோட்டத்துப் பிள்ளைகளுக்கென்று தொடங்கிய திட்டம் இது. அந்தப் பிள்ளைகள் படித்துவிட்டுப் போகிற பலகையில்தான் அவர்களுக்குத் தகுதி இல்லை என்று எழுதியிருக்கிறது.

நாங்கள் இந்த டவுனிலும் சுற்றுத் தோட்டங்களிலும் ஓவியம் சொல்லித் தருகிறவர்கள், இடைநிலைப்பள்ளியில் காட்சிக் கலைப் பாடம் எடுக்கிறவர்கள், காவடி கட்டுகிறவர்கள், விண்ணப்பித்த பிள்ளைகளின் பெற்றோர். உங்கள் விண்ணப்பப் பாரத்தைப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாக நிரப்பிப் பார்த்தோம். எந்த வரியில் யார் நின்றுபோனார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். வரையத் தெரியாமல் ஒருவர்கூட நிற்கவில்லை. பாரம்தான் அவர்களை நிறுத்தியது.

முதலில், படங்களை அனுப்பும் நிபந்தனை. 10 படைப்புகள், ஏ3 அளவு, 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), எல்லாம் சேர்த்து ஒரே பிடிஎஃப், 5 எம்பிக்கு மேல் போகக் கூடாது. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா? ஏ3 தாளை 300 டிபிஐயில் எடுத்தால் ஒரு படம் 4961க்கு 3508 பிக்சல். அதாவது ஏறக்குறைய 17.4 மெகாபிக்சல். தோட்டத்துப் பிள்ளை கையில் இருக்கும் கைப்பேசி சேமிக்கும் படம் பெரும்பாலும் 12 மெகாபிக்சல், 4000க்கு 3000. பின்னால் 50 என்று அச்சிட்டிருக்கும் விலை குறைந்த கைப்பேசிகள்கூட, அமைப்பை மாற்றாவிட்டால் 12.5 மெகாபிக்சல் படத்தைத்தான் சேமிக்கும். 4000 பிக்சலை ஏ3 தாளின் நீளப் பக்கத்துக்குப் பரப்பினால் 242 டிபிஐக்கு மேல் வராது. ஆக, வைத்திருக்கும் கருவியால் உங்கள் நிபந்தனையை நிறைவேற்றவே முடியாது. சில பிள்ளைகள் ஏதோ ஒரு செயலியில் அந்த எண்ணை மட்டும் 300 என்று மாற்றி அனுப்பினார்கள். அதனால் படத்தில் ஒரு பிக்சல்கூடக் கூடுவதில்லை.

அப்படியே 17 மெகாபிக்சல் படம் எடுக்க முடிந்தாலும், நல்ல தரத்தில் ஜேபெக் கோப்பாகச் சேமித்தால் ஒரு படமே பல எம்பி வரும். பத்துப் படங்களை 5 எம்பிக்குள் அடக்க வேண்டுமானால் ஒவ்வொன்றையும் அரை எம்பிக்கு நசுக்க வேண்டும். நசுக்கிய பிறகு 300 டிபிஐக்கு என்ன பொருள்? நீங்கள் திரையில்தான் பார்க்கப் போகிறீர்கள். நீளப் பக்கம் 2000 பிக்சல் இருந்தால் பென்சில் கோட்டின் அழுத்தம் வரை தெரியும், கோப்பும் 400, 500 கேபிக்குள் நிற்கும். அப்படி ஒரே வரியில் கேட்டிருந்தால் பத்துப் படமும் 5 எம்பிக்குள் வந்திருக்கும்.

இதைவிடப் பெரிய சேதத்தை ஒரு சொல் செய்தது. படைப்புகளை ‘ஸ்கேன்’ செய்து அனுப்பவும் என்று எழுதினீர்கள். டவுனில் இருக்கும் நகல் கடையில் ஏ4 ஸ்கேனர்தான். ஏ3 படத்தை இரண்டு பாதியாக ஸ்கேன் செய்து ஒட்டினால் நடுவில் கோடு விழும். அதனால் பிள்ளைகள் கைப்பேசியில் இருக்கும் ஆவண ஸ்கேன் செயலியைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தச் செயலிகள் பத்திரத்தையும் பற்றுச்சீட்டையும் தெளிவாக்கச் செய்யப்பட்டவை. தாளை முழு வெள்ளையாக்கும், எழுத்தை முழுக் கறுப்பாக்கும். நடுவில் உள்ள சாம்பல் நிறங்களை அழுக்கு என்று எண்ணி அழித்துவிடும்.

ஒரு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் பால்மரம் வெட்டும் வயதான பெண்ணின் முகம். நெற்றிச் சுருக்கம் எச்பி பென்சிலில், கன்னத்துக் குழி 2பியில், முக்காட்டின் உள்நிழல் 6பியில் என்று படிப்படியாக ஏற்றிய நிழல். செயலியில் போட்டு எடுத்ததும் நெற்றி வெறும் வெள்ளையாகிவிட்டது, கன்னம் காணாமல் போய்விட்டது, முக்காடு மட்டும் மை கொட்டியதுபோல் ஒரே கறுப்புத் திட்டு. அந்தப் பிடிஎஃப்தான் உங்கள் கைக்கு வந்தது. நிழல் தரம் பற்றிய அறிவு இல்லை என்று உங்கள் மதிப்பீட்டுத் தாளில் குறிப்பு. உண்மைப் படம் இன்னும் எங்களிடம் இருக்கிறது. வந்து பாருங்கள்.

கைப்பேசியில் சரியாகப் படம் எடுக்க முடியாதா என்றால், முடியும். காலை ஒன்பது, பத்து மணிக்கு வராந்தா நிழலில், நேர் வெயில் படாத இடத்தில், படத்தைக் கெட்டியான அட்டையில் கிளிப் போட்டுச் சுவரோடு நிறுத்த வேண்டும். கைப்பேசி படத்துக்கு நேர் எதிரே, அதே சாய்வில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சதுரம் சரிவகமாகிவிடும். கிட்டே போகாமல் ஓர் அடி பின்னால் தள்ளி நின்று எடுத்தால் ஓரங்கள் வளையாது. ஃபிளாஷ் கூடவே கூடாது, 6பி பென்சில் தடவிய இடம் அதில் கண்ணாடிபோல் மின்னும். வெள்ளைத் தாள் அதிகம் தெரியும் படத்தைக் கைப்பேசி தானாகவே இருட்டாக்கும். திரையைத் தொட்டு வெளிச்சத்தைச் சற்று ஏற்றினால் தாள் தாளாகத் தெரியும். எடுத்த படத்தைப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பும்போது படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் வழியிலேயே சுருங்கிவிடும். இந்தக் குறிப்புகள் அரைப் பக்கத்துக்கு மேல் வராது. உங்கள் 6 பக்க விதிமுறையில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

அடுத்தது, இயங்கலைப் பாரம். கோப்பு ஏற்றச் சொல்லும் கூகல் பாரத்துக்குக் கூகல் கணக்குக்குள் நுழைந்தாக வேண்டும். வீட்டுக்கு ஒரே கைப்பேசி, அதில் அப்பாவின் கணக்கு. இரண்டு பிள்ளைகள் ஒரே கணக்கில் அனுப்பினால், ஒருவருக்கு ஒரு பதில் என்று நீங்கள் பூட்டிவைத்ததால் இரண்டாவது பிள்ளைக்குப் பாரம் திறக்கவில்லை. கடைசி இரவு வேறொன்றும் நடந்தது. கோப்பு ஏற்ற முடியவில்லை என்று பலருக்கும் வந்தது. கூகல் பாரத்தில் ஏற்றப்படும் கோப்புகளுக்கு மொத்த வரம்பு, நீங்கள் மாற்றாதவரை 1 ஜிபிதான். அது நிறைந்தாலும், உங்கள் கூகல் டிரைவ் நிறைந்தாலும் பாரம் கோப்பை ஏற்காது. அப்படித்தான் ஆகியிருக்க வேண்டும் என்று நினைக்கிறோம், உங்கள் பக்கத்தில் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். பிள்ளைகளுக்கு அது தெரியாது. தாங்கள்தான் ஏதோ தவறு செய்துவிட்டோம் என்று விட்டுவிட்டார்கள். செம்பனைக்கு (எண்ணெய்ப்பனை) நடுவே இருக்கும் டிவிஷன்களில், அதாவது தோட்டத்தின் உட்பிரிவுகளில், இணைய இணைப்பு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பாரத்தின் இரண்டாம் பக்கத்தில், படிவம் மூன்று மாணவர்கள் எழுதிவந்த பிடி3 அரசுத் தேர்வின் முடிவை இணைக்கச் சொல்கிறீர்கள். பிடி3 தேர்வு 2022இல் ரத்தானது. இன்று படிவம் நான்கில் இருக்கும் எந்தப் பிள்ளையிடமும் அந்தத் தாள் இருக்க வழியில்லை. ஆனாலும் சிவப்பு நட்சத்திரம் போட்டுக் கட்டாயமாக்கியிருக்கிறீர்கள், நிரப்பாவிட்டால் அடுத்த பக்கம் வராது. பழைய பாரத்தை அப்படியே நகலெடுத்திருக்கிறீர்கள். இல்லாத சான்றிதழைத் தேடிப் பள்ளி அலுவலகத்துக்கு அலைந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். பள்ளிப் பதிவுதான் வேண்டுமென்றால் வகுப்பறை மதிப்பீட்டில் காட்சிக் கலைக்கு 1 முதல் 6 வரை அடைவுநிலை போடுகிறார்கள், அதைக் கேளுங்கள். எங்களைக் கேட்டால் அதுவும் வேண்டாம். படத்தைப் பாருங்கள், போதும்.

தொழில்முறை ஓவியர் ஒருவரின் பரிந்துரைக் கடிதமும் கேட்டிருக்கிறீர்கள். இந்த வட்டாரத்துப் பிள்ளைக்கு ஓர் ஓவியரைத் தெரிந்திருந்தால் வழிகாட்டியைத் தேடி உங்களிடம் ஏன் வரப் போகிறது? திட்டத்தின் முடிவில் கிடைக்க வேண்டியதைத் திட்டத்தின் வாசலில் கேட்கிறீர்கள். 300 சொற்களில் ஆங்கிலத்தில் கலைஞர் கூற்று, அதாவது தன் படைப்பைப் பற்றிய விளக்கம், எழுதச் சொன்னதும் அப்படித்தான். உங்களுக்கு வந்த கூற்றுகளை அடுக்கிவைத்துப் படித்துப் பாருங்கள். அடையாளம், பண்பாடு, பயணம் என்ற அதே சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும். அவை டியூஷன் ஆசிரியரின் ஆங்கிலம், அல்லது கைப்பேசிச் செயலி எழுதிக் கொடுத்த ஆங்கிலம். ஏன் இந்தப் படத்தை வரைந்தாய், எங்கே தடுமாறினாய், எதைத் திருத்தினாய் என்று கேட்டால் இதே பிள்ளைகள் தமிழிலோ மலாயிலோ கால் மணி நேரம் பேசுவார்கள்.

இனிச் சொல்லப் போவதுதான் எங்களை மிகவும் உறுத்துவது. விதி 9. தாளிலோ துணியிலோ செய்த மூலப் படைப்பு மட்டுமே ஏற்கப்படும், கோலம், திருவிழா அலங்காரம், கைவினைப் பொருள்கள் ஓவியமாகக் கொள்ளப்படமாட்டா. இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் கை பழகிய இடமே அதுதான்.

15 புள்ளியில் தொடங்கி இடைப்புள்ளியாக 8 வரை வைக்கும் கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நடு வரிசையில் 15, இருபுறமும் 14, 13 என்று குறைந்து 8 வரை. மொத்தம் 15 வரிசை, 169 புள்ளி. அடிக்கோல் இல்லாமல், குனிந்த நிலையில், கண் அளவில் சம இடைவெளி விட்டு வைக்க வேண்டும். ஓர் ஓரத்தில் அரை விரல் கூடினால் மறு ஓரத்துக்குப் போவதற்குள் கட்டம் சாய்ந்துவிடும். சிக்குக் கோலமென்றால், புள்ளிகளைச் சுற்றிப் போகும் கோடு புறப்பட்ட இடத்துக்கே வந்து மூட வேண்டும். ஒரு வளைவு தவறினால் கோடு எங்கோ திறந்து நிற்கும். அழிரப்பர் கிடையாது. மாவை விரலிடுக்கிலிருந்து விடும் அளவுதான் கோட்டின் தடிப்பு. சமச்சீர், தாளம், வெற்றிடம், கோட்டின் மேல் கட்டுப்பாடு என்று உங்கள் மதிப்பெண் தாளில் நீங்கள் தேடும் அத்தனையும் அதில் இருக்கிறது. மறுநாள் கூட்டிவிடுவார்கள் என்பதுதான் அது செய்த குற்றம்.

காவடிக்கு வாருங்கள். மயில் ஒன்றைப் பாலிஸ்டைரினில் செதுக்கப் பிள்ளை முதலில் தாளில் வரைகிறது. கட்டம் போட்டு நான்கு மடங்கு பெரிதாக்குகிறது. சூடான கம்பியால் வெட்டுகிறது. கம்பியை மெதுவாக இழுத்தால் அதிகம் உருகிப் பள்ளம் அகலமாகும், வேகமாக இழுத்தால் கம்பி வளைந்து வெட்டு கோணலாகும். வெட்டியபின் மணல்தாள். ஸ்ப்ரே பெயின்டை நேரே அடித்தால் அதில் உள்ள கரைப்பான் பாலிஸ்டைரினை அரித்துக் குழிகுழியாக்கிவிடும், அதனால் தண்ணீரில் கரையும் எமல்ஷனையோ வெள்ளைப் பசையையோ இரண்டு பூச்சு பூசிக் காயவைத்துவிட்டுத்தான் பொன் நிறம் அடிக்க வேண்டும். இடதும் வலதும் எடை ஒத்துவராவிட்டால் சுமப்பவரின் தோள் இழுக்கும். சிற்பம் படிப்பவர்கள் கற்பதையெல்லாம் பதினைந்து வயதுப் பிள்ளை காவடிக் கொட்டகையில் கற்றிருக்கிறது. அதை ஓவியமாகக் கொள்ள முடியாது என்கிறீர்கள்.

1973இல் தேசியக் கலைக்கூடத்தின் ‘மனிதனும் அவன் உலகமும்’ போட்டியில் மலேசிய ஓவியர் நிர்மலா டத் சண்முகலிங்கம் முதன்மைப் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவர் வைத்த படைப்பில் இருந்தவை குப்பையும் புகைப்படங்களும். அரை நூற்றாண்டுக்கு முன் தேசியக் கலைக்கூடம் திறந்துவிட்ட கதவை நம் வட்டாரக் கலைக்கூடம் விதி 9இல் மூடிவைத்திருக்கிறது. அந்தப் படைப்பு இன்று உங்கள் பாரத்தில் வந்தால் முதல் சல்லடையிலேயே விழும்.

கடந்த 24 மாதங்களில் வரைந்த 10 மூலப் படங்கள் கையில் இருக்க வேண்டும் என்பதும் நடக்காத காரியம். தகரக் கூரைக்கடியில், ஆண்டு முழுக்க ஈரக்காற்றில், பள்ளிக் கூட்டுறவுக் கடையில் வாங்கிய தாள் பழுப்புப் புள்ளி விழுந்துபோகும். ஆயில் பேஸ்டல் படங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் ஒட்டிக்கொள்ளும். மாஜோங் தாள் என்ற பெரிய மெல்லிய தாளில் வரைந்த படங்களைப் பள்ளி விழா முடிந்ததும் கழற்றி வீசிவிடுகிறார்கள். அளிப்புத் தரம் குறைவு, தாள் நெளிந்திருக்கிறது என்று நீங்கள் குறித்த படங்கள் 150 கிராம் தாளில் வாட்டர்கலர் போட்டவை. அந்தத் தாள் நனைந்தால் நெளியத்தான் செய்யும். நான்கு ஓரத்தையும் பலகையில் மாஸ்கிங் டேப்பால் ஒட்டிக்கொண்டு வரைந்து, முழுக்கக் காய்ந்தபின் எடுத்தால் நெளிவு வெகுவாகக் குறையும். இதையெல்லாம் சொல்லித் தருவதற்குத்தானே வழிகாட்டித் திட்டம்?

பணத்தையும் நேரத்தையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. திரும்பக் கிடைக்காத விண்ணப்பக் கட்டணம் 30 ரிங்கிட். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டை 26 நாளால் வகுத்தால் ஒரு நாள் கூலி 65 ரிங்கிட் சொச்சம். படம் பார்க்கும் முன்பே ஏறக்குறைய அரை நாள் கூலியைக் கேட்கிறீர்கள். நேர்முகத்தை வைத்தது புதன்கிழமை காலை 9 மணிக்கு. அந்த நேரத்தில் பெற்றோர் தோட்டத்து மர நிரையில் வேலையில் இருப்பார்கள், பிள்ளை பள்ளியில் இருக்கும். சம்பளச் சீட்டு கேட்டீர்கள். செம்பனைக் குலைக்கு இவ்வளவு என்று குத்தகையில் வெட்டுகிறவருக்கு ஏது சீட்டு?

அடையாள அட்டை நகல் பற்றிக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. தோட்டப்புறத்தில் பிறப்புப் பத்திரச் சிக்கலால் அடையாள அட்டைக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். அந்தக் கட்டத்தைப் பார்த்ததுமே பாரத்தை மூடிவிட்டுப் போய்விடுகிறார்கள், யாரிடமும் காரணம் சொல்வதில்லை. படம் வரைய எந்தப் பத்திரமும் தேவையில்லை. உங்கள் திட்டத்தில் சேரவும் தேவைப்படக் கூடாது.

எங்கள் கோரிக்கைகளுக்கு வருகிறோம்.

அந்த 7 இடங்களை வெளியூருக்குக் கொடுக்கும் முடிவை நிறுத்திவையுங்கள். வெளியூர்ப் பிள்ளைகள்மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை, அவர்களுக்குக் கூடுதல் இடம் திறக்க முடிந்தால் திறந்துகொள்ளுங்கள். இந்த 12 இடங்களும் இந்த வட்டாரத்துக்காக ஒதுக்கியவை. விண்ணப்பத்தை 21 நாளுக்கு மீண்டும் திறந்து, பாரத்தை முடிக்க முடியாமல் நின்றவர்களையும் தொழில்நுட்பக் காரணத்தால் நீக்கப்பட்டவர்களையும் மறுபடி ஏற்றுக்கொள்ளுங்கள்.

இயங்கலைப் பாரத்தோடு கையால் நிரப்பும் பாரமும் இருக்கட்டும். உங்கள் முகப்பிலும், பள்ளி அலுவலகங்களிலும், தோட்டத்துக் கோயில்களிலும் வைக்கலாம். தாளில் வரைந்த அசலை நேரில் கொண்டுவந்து காட்ட இரண்டு சனிக்கிழமை பிற்பகலை ஒதுக்குங்கள். அன்று ஒரு மேசை, ஒரு முக்காலி, வராந்தா வெளிச்சம் இருந்தால் போதும், எல்லாப் படங்களையும் ஒரே தரத்தில் எடுத்துவிடலாம். எடுக்க எங்களில் நான்கு பேர் வருகிறோம், கூலி வேண்டாம். இயங்கலையில் அனுப்புகிறவர்களுக்கு நீளப் பக்கம் 2000 பிக்சல், தனித்தனி ஜேபெக் என்று மட்டும் கேளுங்கள். ‘ஸ்கேன்’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்.

பத்துப் படத்தை ஐந்தாக்குங்கள். அவற்றில் இரண்டு, அழிந்துபோன அல்லது கொடுத்துவிட்ட படைப்புகளின் புகைப்படமாக இருக்கலாம் என்று எழுதுங்கள். ஐந்தையும் விட முக்கியமாக, நேர்முகத்தன்று ஒரு மணி நேரம் கொடுத்து உங்கள் முன்னால் வரையச் சொல்லுங்கள். எல்லாருக்கும் ஒரே தாள், ஒரே பென்சில், ஒரே பொருள். ரப்பர் பால் பிடிக்கும் கோப்பையும் மரம் வெட்டும் உளியும் போதும். யார் கவனித்துப் பார்க்கிறார்கள் என்பது அதில் தெரிந்துவிடும்.

விதி 9ஐ நீக்குங்கள். கோலம், காவடி வேலை, பூ அலங்காரம், ஈர்க்கு வேலை எதுவானாலும் செய்த படிகளைக் காட்டும் மூன்று புகைப்படத்தோடு வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். அதைப் பார்த்து மதிப்பிடத் தெரிந்த ஒருவரைத் தேர்வுக் குழுவில் சேருங்கள்.

பிடி3, ஓவியர் பரிந்துரை, சம்பளச் சீட்டு, 30 ரிங்கிட் கட்டணம் ஆகிய நான்கையும் எடுத்துவிடுங்கள். அடையாள ஆவணம் எந்தக் கட்டத்திலும் கட்டாயமாக இருக்க வேண்டாம், பிள்ளையை அறிந்த ஆசிரியர் அல்லது பொறுப்பாளர் ஒருவரின் கையெழுத்து போதும். கூற்றுக்குப் பதிலாக நான்கு சிறு கேள்விகள் கேளுங்கள், தமிழ், மலாய், சீனம், ஆங்கிலம் எதிலும் எழுதலாம், இரண்டு நிமிடக் குரல் பதிவாகவும் தரலாம் என்று வையுங்கள். நேர்முகம் சனி பிற்பகல் அல்லது ஞாயிறு.

தேர்வாகாத ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு வரியில் காரணம் எழுதி அனுப்புங்கள். எந்தப் படத்தில் எது குறை, அடுத்த ஆண்டுக்குள் எதைப் பழக வேண்டும் என்று.

இம்மாதக் கடைசிக்குள் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம். எங்களுக்கு மின்னஞ்சலில் அனுப்புவதோடு, முதல் அறிவிப்பை ஒட்டிய அதே பலகையில் தமிழிலும் மலாயிலும் அதை ஒட்டுங்கள். பழைய அறிவிப்பை இன்றே எடுத்துவிடுங்கள், பள்ளி முடிந்து பிள்ளைகள் பேருந்துக்குப் போகும் வழி அது.

இப்படிக்கு,
வட்டார ஓவிய வகுப்பு ஆசிரியர்கள், காவடிக் கலைஞர்கள், பெற்றோர்